மச்சானுக்கும் சொல்லியாச்சு

அத்தியாயம் பன்னிரண்டு

பெரியபிள்ளையான பெட்டைக்குத் தண்ணீர் வார்க்கிற சாமத்திய வீடு என்றால் விடிந்ததிலிருந்து வீடு வீட்டுக்காரர் வசத்தில் இராது. பந்தல்காரன் ஒரு பக்கம் கத்துவான். வீடியோக்காரன் வயர் இழுத்து வருகிறவர்கள் காலையெல்லாம் தடக்குவான். பின்வளவில் கிடாரத்தில் பருப்பு கொதிக்கும். இவ்வளவுக்கும் நடுவில், யாருக்காக இதெல்லாம் நடக்கிறதோ அந்தப் பெட்டை, தன் வளையல் பெட்டியைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருப்பாள். மயிலிட்டியில் அருட்செல்வன் வீட்டிலும் அன்று இதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அழுதவள் ஆரபி, அருட்செல்வனின் ஒரே மகள். பெட்டியைத் தேடிக் கொடுத்தவள் அவளுடைய மாமி நிவேதனா, அருட்செல்வனின் தங்கை.

நிவேதனாவை உங்களுக்குத் தெரியும். தை மாதம் ஒரு காலையில், சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று புருசன் கீர்த்திகனிடம் சொல்லி, சந்தைப் பைக்குள் இரண்டு உடுப்பைத் திணித்துக்கொண்டு கொக்குவிலிலிருந்து பஸ் ஏறியவள். அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அண்ணன் நம்பினான். அண்ணன் மனைவி கஜந்தினி நம்பவில்லை, ஆனாலும் துருவிக் கேட்கவில்லை.

அந்தக் கை சற்றுக் கோணலாகவே பொருந்திவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் கரைக்குப் போய், வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றுகிறாள். போன புதிதில் நண்டு கடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருப்பாள். பக்கத்தில் இருந்து கழற்றுகிற பெர்னடெட் அக்காதான் ஒருநாள், "பிள்ளை, நண்டுக்கு என்னத்துக்கு இவ்வளவு மரியாதை? கத்து," என்று சொன்னவள். இப்போது கடித்தால் கரை முழுக்கக் கேட்கக் கத்துகிறாள். சாப்பாடு இறங்குகிறது. நித்திரை வருகிறது. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் மட்டும் உடம்பு இன்னும் தூக்கிப்போடும்.

இப்படியே இந்த வீட்டில் இருந்துவிட வேண்டும், திரும்பிப் போகக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

"முதல் பாலறுகை நீர்தான் வைக்க வேணும், நிவே," என்றாள் கஜந்தினி, ஆரபியின் தலைக்கு எண்ணெய் தடவியபடி.

பாலில் அறுகம்புல்லைத் தோய்த்துப் பெட்டையின் தலையில் வைக்கிற சடங்கு அது. மாமன் மாமி முறையானவர்கள் சோடி சோடியாக வந்து வைப்பார்கள். அதன் பிறகுதான் தண்ணீர் வார்ப்பது.

"நானோ? தனிய நிண்டோ?" என்றாள் நிவேதனா. "ஆக்கள் கதைக்கப் போகினம், மச்சாள்."

"சாப்பிட்டிட்டுத்தானே கதைப்பினம். கதைக்கட்டும்."

கஜந்தினி பருத்தித்துறைக்காரி. அதிகம் கதைக்கமாட்டாள், கதைத்தால் பிறகு அதில் மாற்றம் இராது. அவளுடைய பக்கத்து வழக்கம் ஒன்றும் அன்று இந்த வீட்டுக்கு வந்திருந்தது. தண்ணீர் வார்த்த பிள்ளை வீட்டுக்குள் ஏறும்போது உலக்கையைத் தாண்டி ஏற வேண்டுமாம். பின்வாசல் படியில் அதைக் குறுக்கே போட்டு வைத்திருந்தாள்.

அருட்செல்வன் பந்தலுக்கும் வாசல் படலைக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். நல்லவன். கடலில் காற்று எழும்பினால் பதறாத மனிதன். ஆனால் ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் விடுபட்டுப் போனால் அவனுக்குச் சாப்பாடு செல்லாது. அதற்கும் காரணம் இருக்கிறது. போரில் ஊரை விட்டுக் கலைத்து, சனமெல்லாம் முகாமென்றும் கொக்குவிலென்றும் பருத்தித்துறையென்றும் சிதறிக் கிடந்த காலத்தில், அவனுடைய தகப்பன் சைக்கிளில் போய் ஒரு வீடு விடாமல் சொன்னவர். கீர்த்திகனின் குடும்பமும் அப்படிக் கொக்குவிலில் ஊன்றிப்போன மயிலிட்டிக் குடும்பம்தான். வீடு தேடிப் போய்ச் சொல்வதால்தான் ஊர் என்று ஒன்று இன்னும் இருக்கிறது என்பது அருட்செல்வனின் எண்ணம். அந்த எண்ணத்தில் பிழை சொல்ல முடியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாததுதான் பிழை.

வெள்ளை வான் ஒன்று படலையில் வந்து நின்றது.

முதலில் சாரதி இறங்கினான், இரண்டு கையிலும் தட்டங்கள். ஒன்றில் பட்டுச் சேலை, மற்றதில் பழங்கள். பின்னால் பட்டு வேட்டியும் சால்வையுமாகக் கீர்த்திகன் இறங்கினான்.

பந்தலில் இருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. "ஆர் வாறது எண்டு பாருங்கோ, நிவேதனான்ரை மனுசன்," என்று ஒருத்தி இன்னொருத்தியின் தொடையில் தட்டினாள். "நான் அப்பவே சொன்னனான், ரெண்டு நாள் கோவம் எண்டு."

நிவேதனா விறாந்தையில் நின்றாள். கீர்த்திகன் அங்கிருந்தே அவளைப் பார்த்தான். பார்வை அவளுடைய தோளில் போய் நின்றது. உடனே அவளுடைய கை தன்பாட்டில் போய்ச் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடியது.

மூடிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இவ்வளவு மாதம் கழித்து, ஒரு பார்வைக்கு, அவளைக் கேட்காமலே கை கீழ்ப்படிந்துவிட்டது. அவனில் வந்த பயத்தைவிடத் தன் கையில் வந்த வெறுப்புத்தான் அவளுக்கு அப்போது பெரிதாக இருந்தது.

"வாங்கோ மச்சான், வாங்கோ. இருங்கோ," என்று அருட்செல்வன் இரண்டு கையாலும் வரவேற்றான். சபை மரியாதைக்குச் செய்கிறான் என்று நினைத்தாள் நிவேதனா. வாசலுக்கு வந்தவனை வேறு என்ன செய்வது என்று அண்ணனுக்காகத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

பாலறுகுக்குக் கூப்பிட்டார்கள். ஆரபி முற்றத்துப் பலகையில் குந்தியிருந்தாள்.

"மாமாவும் மாமியும் சோடியா வாங்கோ," என்றாள் சடங்கை நடத்திய பெரியம்மா முறைக்காரி.

"நிவே தனிய வைக்கட்டும், பெரியம்மா," என்றாள் கஜந்தினி.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? மனுசன் மலை மாதிரி நிக்கேக்கை தனியவோ?"

நிவேதனா அண்ணனைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: "ஒருக்கா நில்லு தங்கச்சி. பிள்ளையின்ரை நல்ல காரியம்."

நின்றாள். கீர்த்திகன் அவளை ஒட்டி நின்றான். சவர்க்கார வாசம், அதே வாசம். அறுகம்புல்லை எடுக்கக் குனிந்தபோது அவனுடைய கை தட்டத்துக்குக் கீழால் வந்து அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தது. எந்த இடத்தில் அழுத்தினால் உயிர் போகும் என்று அவனுக்குத் தேடத் தேவையிருக்கவில்லை. முறித்தவனுக்குத் தெரியாத இடமா?

"நண்டு நாறுது உன்னிலை," என்றான் சிரித்த முகத்தோடு, உதடு அசையாமல்.

"அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ," என்றான் வீடியோக்காரன்.

நிவேதனா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அந்த வீடியோவில் இருக்கும்.

"சாப்பாடு முடிய வெளிக்கிடு. வான் நிக்குது."

"நான் வரேல்லை."

குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டுவிட்டது. விரல்கள் இன்னும் இறுகின.

"உன்ரை அண்ணர் வீடு தேடி வந்து சொன்னவர். வந்து நிண்டு செய்து குடுத்திட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போகட்டாம். நம்பாட்டில் கேட்டுப் பார்."

கையில் இருந்த அறுகம்புல் சரிந்து பால் ஆரபியின் நெற்றியில் வழிந்தது. ஆரபி நிமிர்ந்தாள். தட்டத்துக்குக் கீழே இருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிவேதனாவுக்குத் தூரத்தில் நடப்பதாகவே இருந்தது. தாய்மாமன் லோஜன் தேங்காய் உடைத்தார். கிணற்றடியில் தண்ணீர் வார்த்தார்கள். ஆரபி ஈர உடுப்போடு உலக்கையைத் தாண்டிப் பின்வாசலால் உள்ளே ஏறினாள். அவளைச் சேலை உடுத்தப் பின்னறைக்குக் கூட்டிப் போனார்கள். பந்தலில் பலகாரம் பரிமாறப் போகிறது என்றதும் பின்வளவு காலியாகிவிட்டது.

நிவேதனா மட்டும் கிணற்றடியில் நின்றாள். நனைந்த துணிகளைப் பொறுக்குவதாகப் பேர், மூச்சு எடுக்கத்தான் நின்றாள். அண்ணன் சொன்னானா? அண்ணனா? இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே இவ்வளவு நாளும் பயமில்லாமல் படுத்ததை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆக்களுக்கு முன்னாலை எனக்குப் பதில் சொல்லுற அளவுக்கு வந்திட்டியோ?"

கீர்த்திகன் சால்வையைக் கிணற்றுக் கட்டில் மடித்து வைத்தான். அவன் எப்போதும் அப்படித்தான். அடிக்கமுதல் எதையாவது நேர்த்தியாக மடித்து வைப்பான்.

"பையை எடுத்துக்கொண்டு வா."

"வரேல்லை எண்டு சொன்னனான்."

முதல் அடி காதோடு விழுந்தது. முற்றத்துப் பாட்டுச் சத்தம் ஒரு காதில் நின்றுபோனது. இரண்டாவது அடிக்கு அவள் முகத்தைத் திருப்ப, பூ வைத்த கொண்டையைப் பிடித்துக்கொண்டான். மாலை அறுந்து பூக்கள் கொட்டின. தலையை இழுத்துக் கிணற்றுக் கட்டில் ஒரு முறை இடித்தான். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சத்தமில்லாமல் அடிக்க அவனுக்குத் தெரியும். அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் மதிலுக்குள் அடித்துப் பழகியவன்.

"கத்து பாப்பம். கத்தினால் உன்ரை மருமேளின்ரை சடங்குதான் நாறும்."

கொக்குவிலில் என்றால் இந்த இடத்தில் அவள் சுருண்டு படுத்துவிடுவாள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, தலையைக் கைக்குள் ஒளித்து, அவனுக்குக் கை வலிக்கும்வரை காத்திருப்பாள். அன்றும் முழங்கால்கள் மடங்கத் தொடங்கின. அவன் வயிற்றில் உதைத்தான். அப்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. இது கொக்குவில் இல்லை. பயமில்லாமல் படுத்து எழும்ப அவளுக்கென்று பூமியில் இருந்தது இந்த ஒரு வளவுதான். இங்கேயும் வந்து அடிக்கலாம் என்று இவன் நினைத்திருக்கிறான்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயத்துக்கு மேலால் ஒரு ஆத்திரம் ஏறிவந்தது. அவள் தவழ்ந்து பின்வாசல் படிக்குப் போனாள். அவன் காலில் பிடித்து இழுத்தான். அவளுடைய கையில் உலக்கை அகப்பட்டது.

எழும்பிய வேகத்திலேயே வீசினாள். தடுக்கத் தூக்கிய அவனுடைய வலது கையில் விழுந்தது. காய்ந்த தென்னம்மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை, நம்ப முடியாமல் கையைப் பார்த்தான். அடுத்தது முழங்காலில். அவன் சேற்றுத் தண்ணீருக்குள் விழுந்தான். அடுத்தது தோளில். அடுத்தது முதுகில்.

இனித்தது. பொய் சொல்லக்கூடாது, அவளுக்கு அது இனித்தது. ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குள் அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று திறந்தது. கோணல் கை வலித்தது, அந்த வலிகூட நன்றாக இருந்தது.

"வேண்டாம், நிவே. வேண்டாம்," என்றான் அவன்.

அவள் வருடக்கணக்காக அவனிடம் சொன்ன சொல் அதுதான். அது அவனை ஒருநாளும் நிறுத்தியதில்லை. அவளையும் நிறுத்தவில்லை. உலக்கையை மறுபடியும் தூக்கினாள். இம்முறை அவள் பார்த்தது அவனுடைய தலையை.

"மாமி."

பின்வாசலில் ஆரபி நின்றாள். பாதி உடுத்திய சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய கண்கள் கீர்த்திகனைப் பார்க்கவில்லை. நிவேதனாவைப் பார்த்தன. அந்தப் பார்வையை நிவேதனாவுக்கு நன்றாகத் தெரியும். கொக்குவில் வீட்டுக் கண்ணாடியில் அவள் நாளும் பார்த்த பார்வை அது.

உலக்கையை இறக்கினாள். எறியவில்லை, மெல்லச் சுவரில் சாத்தி வைத்தாள். பிறகு படியில் குந்தி வாந்தியெடுத்தாள்.

ஆரபியின் அழுகை கேட்டுத்தான் ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவன் அருட்செல்வன். தங்கையின் முகத்தில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தான். தரையில் கிடந்தவனைப் பார்த்தான். கீர்த்திகனின் விலாவில் காலால் உதைத்தான். கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் சாய்த்தான். வலை இழுக்கிற கை அது. கீர்த்திகனின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. லோஜனும் இன்னும் இரண்டு பேரும் இழுத்தும் அந்தக் கையைக் கழற்ற முடியவில்லை.

"இஞ்சையே கொண்டு கிணத்துக்கை போடுறன் இவனை."

"அண்ணை, விடு."

"நீ தள்ளிப் போ."

"அண்ணை, நீ வீடு தேடிப் போய் இவருக்குச் சொன்னனியோ?"

அருட்செல்வனின் பிடி தளர்ந்தது. கீர்த்திகன் இருமிக்கொண்டு கீழே சரிந்தான்.

"ஒரு வீடும் விடக்கூடாது எண்டு…" என்றான் அருட்செல்வன். "ஒரு முறைக்குத்தான் பிள்ளை."

"என்னைக் கூட்டிக்கொண்டு போகவும் சொன்னனியோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை. வந்து நிண்டு செய்து குடுங்கோ மச்சான், பிறகு பாப்பம் எண்டுதான் சொன்னனான்." அவன் இரண்டு கையையும் விரித்தான். "எனக்கென்னெண்டு தெரியும்? வழுக்கி விழுந்தனான் எண்டுதானே நீ சொன்னனீ."

அது உண்மை. காதோடு வாங்கிய அடியைவிட அந்த உண்மை அவளுக்கு அதிகம் சுட்டது. அவளும் இவ்வளவு நாளும் இவனைக் காப்பாற்றித்தான் இருந்திருக்கிறாள். அவனுக்காக இல்லை, வெட்கத்துக்காக. அடி வாங்கியவளுக்கு ஏன் வெட்கம் என்று கேட்பீர்கள். வாங்கிப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

நிவேதனா எழும்பி நின்றாள். ஊரே பின்வளவில் நின்றது. வீடியோக்காரனும் நின்றான்.

"நான் விழேல்லை. என்ரை கையை நிலையிலை வைச்சுக் கதவைச் சாத்தி முறிச்சவர் இவர். கறி உறைக்குது எண்டு."

அருட்செல்வனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் பாய்ந்து, கிடந்தவனின் முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து இரத்தம் வந்தது.

"காணும், அண்ணை, விடு," என்றாள் நிவேதனா. "அவரை அடிச்சு உன்ரை பிழையைத் தீர்க்காதே."

அவன் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தப் பெரிய உடம்பு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டது.

பொலிஸைக் கூப்பிட்டது வான் சாரதி. ஜீப் வந்தபோது கீர்த்திகனை முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, முறிந்த கையைச் சால்வையால் கட்டியிருந்தார்கள். கஜந்தினி நிவேதனாவின் நெற்றியைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

அருட்செல்வன் அவசரமாகத் தங்கையின் காதருகே வந்தான். "நான்தான் அடிச்சனான் எண்டு சொல்லுறன். நீ வாய் திறக்காதே."

"கூப்பிட்டது நீ. அடிச்சது நான். மாத்திச் சொல்லாதே."

வந்த சார்ஜன்ட் நடுத்தர வயதுத் தமிழர். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கீர்த்திகனிடம் போனார்.

"ஆர் ஐயா உங்களுக்கு அடிச்சது?"

கீர்த்திகன் உதட்டு இரத்தத்தைத் துடைத்தான். நிவேதனா அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். இல்லை.

"குடும்பச் சண்டை சேர்," என்றான் அவன் நிதானமாக. "அவ என்ரை மனுசி. கொஞ்சம் மனநிலை சரியில்லை. எனக்கு முறைப்பாடு ஒண்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலை அவவையும் கூட்டிக்கொண்டு போறன். நிவே, நீர் வாரும், வானிலை ஏறும்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. "பாத்தியளோ அந்தப் பிள்ளையின்ரை குணத்தை," என்றாள் தொடையில் தட்டியவள். "கை முறிஞ்சும் பொலிசுக்குக் குடுக்கமாட்டன் எண்டுது." கதவும் நிலையும் அதற்குள் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சார்ஜன்ட் நிவேதனாவைப் பார்த்தார். "என்ன பிள்ளை சொல்லுறீர்?"

அருட்செல்வனும் பார்த்தான். அவன் கண்ணில் பயம் இருந்தது, பயத்தோடு ஒரு கெஞ்சலும் இருந்தது. "தங்கச்சி, கேஸ் எண்டால் உள்ளுக்கை போட்டிடுவாங்கள். இப்போதைக்கு ஓம் எண்டு சொல்லு. அவரை நான் வழியிலை பாக்கிறன். பிறகு பாப்பம்."

பிறகு பார்ப்போம். கொக்குவில் வாசலில் நின்று அவன் சொல்லிவிட்டு வந்ததும் இதையேதான். அன்பில்தான் சொல்கிறான், அதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. அவளுக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நிற்க இப்போது நேரமில்லை.

"சேர், அவர் முறைப்பாடு குடுக்காட்டிலும் நீங்கள் எழுதுங்கோ," என்றாள். "நான்தான் உலக்கையாலை அடிச்சனான். வேறை ஒருத்தரும் அவரின்ரை கையை முறிக்கேல்லை. அதை எழுதிப்போட்டு, அவர் இவ்வளவு காலமும் எனக்குச் செய்ததையும் நான் சொல்லுறன், அதையும் எழுதுங்கோ. எவ்வளவு நேரம் எண்டாலும் இருந்து சொல்லுறன்."

"வந்தால் உம்மையும் வைச்சிருக்க வேண்டி வரலாம், பிள்ளை."

"வைச்சிருங்கோ. அந்த வானிலை ஏறமாட்டன்."

கீர்த்திகனின் முகம் அப்போதுதான் மாறியது. கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தான், முழங்கால் விடவில்லை.

கஜந்தினி உள்ளே போய்ச் செருப்பை எடுத்துவந்து நிவேதனாவின் காலடியில் போட்டாள். "போடும். நிலம் சுடுது."

"ஆரபிக்கு ஆலாத்தி எடுக்கேல்லையே, மச்சாள்."

"அதை நான் பாக்கிறன். நீர் போயிட்டு வாரும். போயிட்டு இஞ்சைதான் வர வேணும்."

ஆரபி விறாந்தைத் தூணோடு நின்றாள். சேலையை யாரோ அவசரத்தில் சுற்றிவிட்டிருந்தார்கள், ஒரு பக்கம் இழுபட்டது. நிவேதனா அவளைத் தொடப் போய், கையில் இரத்தம் இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

"மாமியைப் பாத்துப் பயந்தனியோ?"

"ஓம்," என்றாள் ஆரபி.

"நானும் பயந்தனான்."

"எண்டாலும் திரும்பிப் போகாதேங்கோ, மாமி," என்றாள்.

நிவேதனா படலைக்கு நடந்தாள். இருபக்கமும் ஆட்கள் விலகினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தொடையில் தட்டியவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஒரு மூலையிலிருந்து பெர்னடெட் அக்கா மட்டும் எழும்பி வந்து, யாரையும் கேட்காமல் அவளோடு கூடவே ஜீப் வரைக்கும் நடந்தாள்.

அருட்செல்வன் பின்னால் ஓடிவந்து ஜீப்பின் பின்கதவைப் பிடித்தான். "நானும் வாறன்."

"வரலாம்," என்றார் சார்ஜன்ட். "சாட்சி சொல்ல வாறதெண்டால், ஆரின்ரை பக்கத்துச் சாட்சி எண்டதை இப்பவே யோசிச்சுக்கொண்டு ஏறும்."

முற்றத்துக் கதிரையிலிருந்து கீர்த்திகனின் குரல் உரத்து வந்தது. "மச்சான், நீங்கள்தானே வந்து கூப்பிட்டனீங்கள். அதைச் சொல்லுங்கோ. ஊரறியச் சொல்லுங்கோ, நான் அழையாமல் வந்தனானோ எண்டு."

பந்தலில் இருந்த அத்தனை தலையும் அருட்செல்வன் பக்கம் திரும்பியது. அவன் வாயைத் திறந்தான்.

நிவேதனா திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் என்ன சொல்வான் என்பது இனி அண்ணனின் பாடு. அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.